ஐஇஎல்டிஎஸ் ரீடிங்: நல்லா படிக்கிறவங்களுக்கும் மார்க் குறைவது ஏன்? 40 கேள்விகளை 60 நிமிடத்தில் முடிப்பது எப்படி?

லிசனிங் 7.5, ஸ்பீக்கிங் 7, ரைட்டிங் 6.5. எல்லாம் வந்துவிட்டது. ரீடிங் மட்டும் 6.5.

பிரிட்டனில் நர்ஸ் வேலைக்குப் பதிவு செய்ய நினைக்கும் ஒருவருக்கு இந்த அரை மதிப்பெண் பெரிய தடை. அந்நாட்டு நர்சிங் கவுன்சில் ரீடிங், லிசனிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் தலா 7 கேட்கிறது. ரைட்டிங்கில் 6.5 போதும். ரீடிங்கில் ஒன்றிரண்டு கேள்வி தவறிப்போனால் மொத்தமும் நின்றுவிடும். தேர்வுக் கட்டணமோ 17 ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிட்டது. நகையை வைத்தோ, கைமாற்று வாங்கியோ கட்டுகிற குடும்பங்களுக்கு இரண்டாவது முறை என்பது லேசான விஷயம் இல்லை.

நத்தம் மாதிரியான ஊர்களில் இருந்து இந்தத் தேர்வுக்குத் தயாராகும் பலர், பயிற்சிக்குத் திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ பஸ் ஏற வேண்டியிருக்கிறது. அங்கே பெரும்பாலும் ஸ்பீக்கிங், ரைட்டிங் பற்றித்தான் பேச்சு. ரீடிங் என்றால் "நிறைய படிங்க" என்பதோடு முடிந்துவிடும். ஆனால் ரீடிங்கில் மார்க் போவதற்குக் காரணம் எப்போதும் ஆங்கிலம் தெரியாதது இல்லை. கேள்வி என்ன கேட்கிறது என்பதைத் தவறாகப் புரிந்துகொள்வதுதான் பல நேரம் காரணம். அதைச் சரிசெய்வது எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

தேர்வு எப்படி இருக்கும்?

ஐஇஎல்டிஎஸ் ரீடிங் தேர்வுக்கு 60 நிமிடம். 40 கேள்விகள். ஒரு கேள்விக்குச் சராசரியாக ஒன்றரை நிமிடம். பத்தியைப் படிக்கும் நேரமும் இதற்குள்தான்.

இதில் இரண்டு வகை உண்டு. வெளிநாட்டில் பட்டப்படிப்பு படிக்கப் போகிறவர்களுக்கும், நர்ஸ் போன்ற தொழில்முறைப் பதிவுக்கும் அகாடமிக். கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளுக்குக் குடியேற விண்ணப்பிப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஜெனரல் டிரெயினிங்.

அகாடமிக்கில் மூன்று நீண்ட கட்டுரைகள் வரும். மூன்றும் சேர்ந்து 2,150 முதல் 2,750 வார்த்தைகள் வரை இருக்கும். ஜெனரலில் முதல் பகுதி விளம்பரம், அறிவிப்பு போன்ற சின்னச் சின்ன பகுதிகள். இரண்டாவது வேலை தொடர்பானது. மூன்றாவது மட்டும் ஒரு நீண்ட கட்டுரை.

எத்தனை சரியாக இருந்தால் என்ன மதிப்பெண்? வினாத்தாளின் கடினத்தைப் பொறுத்துச் சிறிது மாறும். தோராயமான கணக்கு இது:

• அகாடமிக்: 40-க்கு 23 சரி என்றால் 6. 30 சரி என்றால் 7. 35 சரி என்றால் 8.
• ஜெனரல்: 30 சரி என்றால் 6. 34 சரி என்றால் 7.

ஜெனரல் பகுதிகள் சுலபமாக இருப்பதால், அதே மதிப்பெண்ணுக்குக் கூடுதல் விடைகள் சரியாக வேண்டும். "ஜெனரல்தானே, ஈஸி" என்று அலட்சியமாகப் போகிறவர்கள் சறுக்குவது இங்கேதான்.

தவறான விடைக்கு மைனஸ் மார்க் கிடையாது. அதனால் எந்தக் கேள்வியையும் காலியாக விடக் கூடாது.

பள்ளிக்கூடப் பழக்கம் எப்படி மாட்டிவிடுகிறது?

பள்ளியில் ஆங்கிலப் பத்தி கேள்விக்கு நாம் எப்படி விடை எழுதினோம் என்று யோசித்துப் பாருங்கள். கேள்வியில் உள்ள வார்த்தையைப் பத்தியில் தேடுவோம். அது இருக்கும் வரியை அப்படியே எடுத்து எழுதுவோம். முழு மார்க் கிடைத்துவிடும்.

ஐஇஎல்டிஎஸ் இந்தப் பழக்கத்தைத்தான் குறிவைக்கிறது. பத்தியில் "மா விவசாயிகள்" என்று இருந்தால், கேள்வியில் "பழம் பயிரிடுவோர்" என்று வரும். பத்தியில் "விலை பாதியாகச் சரிந்தது" என்றால், கேள்வியில் "வருமானம் பெருமளவு குறைந்தது" என்று மாறியிருக்கும். வார்த்தை வேறு, கருத்து ஒன்று. இதைப் பாராஃப்ரேஸ் என்பார்கள். இந்தத் தேர்வின் பெரும்பகுதி இதன் மேல்தான் நிற்கிறது.

கேள்வியில் உள்ள அதே வார்த்தை பத்தியிலும் அப்படியே கண்ணில் பட்டால் சந்தோஷப்படாதீர்கள். அது பொறியாகவும் இருக்கலாம். நின்று, முன்பின் இரண்டு வரி படித்துவிட்டு விடை எழுதுங்கள்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. தமிழில் வினைச்சொல் பெரும்பாலும் கடைசியில் வரும். வாக்கியம் முடியும்போதுதான் விஷயம் தெரியும். ஆங்கிலத்தில் யார், என்ன செய்தார் என்பது பெரும்பாலும் முன்னாடியே வந்துவிடும். விளக்கங்கள் பின்னால் தொடரும். நீளமான வாக்கியத்தைப் பார்த்துக் குழம்பினால், முதலில் எழுவாயையும் வினையையும் மட்டும் பிடியுங்கள். மீதி எல்லாம் அதற்கு ஒட்டுதான். ஒவ்வொரு வார்த்தையாகத் தமிழாக்கிக்கொண்டே போனால் மூன்றாவது கட்டுரையைத் தொடவே நேரம் இருக்காது.

'ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்': தெரிந்தவர்களே தவறு செய்யும் இடம்

பலரையும் அதிகமாகக் குழப்புவது இந்த வகைதான். ஒரு தகவல் கொடுக்கப்பட்டிருக்கும். பத்தி அதை உறுதிசெய்தால் 'ட்ரூ'. பத்தி அதற்கு நேர்மாறாகச் சொன்னால் 'ஃபால்ஸ்'. பத்தி அதைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை என்றால் 'நாட் கிவன்'.

நம்ம ஊர் உதாரணத்திலேயே பார்க்கலாம். இந்தப் பத்தியைப் படியுங்கள்:

"மதுரை நகரில் கட்டப்பட்ட 7.3 கி.மீ. நீள மேம்பாலமும், மதுரை - நத்தம் இடையிலான தேசிய நெடுஞ்சாலை 785-ல் 24.4 கி.மீ. நீள நான்குவழிச் சாலையும் 2023 ஏப்ரல் 8-ம் தேதி பிரதமரால் திறந்துவைக்கப்பட்டன. திறப்பு விழா சென்னையில் நடந்தது."

இப்போது மூன்று தகவல்கள்:

1. மேம்பாலமும் நான்குவழிச் சாலையும் ஒரே நாளில் பயன்பாட்டுக்குத் தொடங்கிவைக்கப்பட்டன.
2. திறப்பு விழா மதுரையில் நடைபெற்றது.
3. இந்தச் சாலையால் நத்தம் மக்கள் மதுரைக்குச் செல்லும் நேரம் குறைந்துள்ளது.

முதலாவது 'ட்ரூ'. "ஒரே நாளில்" என்ற வார்த்தை பத்தியில் இல்லை. ஆனால் இரண்டுக்கும் ஒரே தேதிதான் சொல்லப்பட்டிருக்கிறது. இரண்டாவது 'ஃபால்ஸ்'. விழா சென்னையில் நடந்தது என்று பத்தி தெளிவாகச் சொல்கிறது.

மூன்றாவது? நத்தத்தில் இருந்து தினமும் மதுரைக்கு வேலைக்குப் போகிறவர் யோசிக்காமல் 'ட்ரூ' என்று போட்டுவிடுவார். அவர் அனுபவத்தில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பத்தியில் பயண நேரம் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. சரியான விடை 'நாட் கிவன்'.

தேர்வு உங்கள் பொது அறிவைக் கேட்கவில்லை. கொடுத்த பத்தி என்ன சொல்கிறது, எதுவரை சொல்கிறது என்பதை மட்டுமே கேட்கிறது. நர்சிங் படித்தவருக்கு மருத்துவக் கட்டுரை வந்தாலும், விவசாயக் குடும்பத்துப் பிள்ளைக்கு மண்வளக் கட்டுரை வந்தாலும் இதே ஆபத்துதான். தெரிந்த தலைப்பு வந்தால் கூடுதல் கவனம் தேவை.

'ஃபால்ஸ்' போடுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். "இது தவறு என்று நிரூபிக்க எந்த வரியைக் காட்டுவேன்?" என்று உங்களையே கேளுங்கள். விரல் வைத்துக் காட்ட ஒரு வரி இருந்தால் 'ஃபால்ஸ்'. இல்லை என்றால் 'நாட் கிவன்' பக்கம் போங்கள்.

சின்ன வார்த்தைகளிலும் கண் வேண்டும். 'ஆல்', 'மோஸ்ட்', 'சம்', 'ஒன்லி', 'ஆல்வேஸ்', 'மே' போன்றவை ஒரு தகவலையே மாற்றிவிடும். பத்தி "சில விவசாயிகள் மட்டுமே மாறினர்" என்று சொல்லும்போது, கேள்வி "எல்லா விவசாயிகளும்" என்று கேட்டால் அது 'ஃபால்ஸ்'.

இதே போல 'யெஸ், நோ, நாட் கிவன்' என்றும் வரும். அது கட்டுரையாளரின் கருத்தைக் கேட்கும் கேள்வி. கட்டுரையில் வேறு யாரோ ஒரு ஆய்வாளர் சொன்னதை எழுத்தாளரின் கருத்தாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

தலைப்பைப் பொருத்துவது எப்படி?

ஒவ்வொரு பத்திக்கும் பொருத்தமான தலைப்பைத் தேர்வு செய்யச் சொல்வார்கள். பத்திகளைவிடத் தலைப்புகள் அதிகமாக இருக்கும். இதையும் ஒரு உதாரணத்தோடு பார்க்கலாம்:

"திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் இயந்திரத்தில் மொத்தமாகத் தயாராகும் வெளிமாநிலப் பூட்டுகள் குறைந்த விலைக்குக் கிடைப்பதால், கையால் பூட்டு செய்யும் பட்டறைகள் போட்டியிட முடியாமல் திணறுகின்றன. இளைஞர்கள் இந்தத் தொழிலுக்கு வருவதும் குறைந்துவிட்டது."

தலைப்புகள்: அ) புவிசார் குறியீடு பெற்ற பூட்டு. ஆ) நெருக்கடியில் ஒரு கைத்தொழில்.

அவசரத்தில் 'அ' என்று போடத் தோன்றும். முதல் வரியிலேயே அந்த வார்த்தை இருக்கிறதே! ஆனால் அது ஒரு தகவல் மட்டும்தான். "ஆனால்" என்ற சொல்லுக்குப் பிறகுதான் பத்தி தன் விஷயத்துக்கே வருகிறது. விடை 'ஆ'.

ஆங்கிலத்தில் 'பட்', 'ஹவ்எவர்', 'ஆல்தோ', 'டெஸ்பைட்', 'யெட்' ஆகியவை இந்த "ஆனால்" வேலையைச் செய்யும். இவை வரும் இடத்தில் பத்தி திரும்புகிறது என்று அர்த்தம். முதல் இரண்டு வரி, கடைசி வரி, நடுவில் இருக்கும் "ஆனால்" ஆகியவற்றைப் பார்த்தால் பெரும்பாலான பத்திகளின் மையக்கருத்து பிடிபடும். பத்தியைப் படித்ததும் அதற்கு நீங்களே மனசுக்குள் ஒரு தலைப்பு வையுங்கள். பிறகு பட்டியலில் அதற்கு நெருக்கமானதைத் தேடுங்கள்.

கோடிட்ட இடம்: தெரிந்தும் இழக்கும் மார்க்

"இரண்டு வார்த்தைகளுக்கு மிகாமல்" என்று சொன்னால் மூன்று வார்த்தை எழுதக் கூடாது. விடை சரியாக இருந்தாலும் மார்க் இல்லை. கேள்விக்குக் கேள்வி இந்த வரம்பு மாறும். ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்பெல்லிங் தவறினாலும் மார்க் போய்விடும். பிரிட்டிஷ், அமெரிக்க ஸ்பெல்லிங் இரண்டும் ஏற்கப்படும்.

ஒருமை, பன்மையில் தமிழர்களுக்குத் தடுமாற்றம் அதிகம். பேச்சில் "மாம்பழம் வாங்கினேன்" என்றால் ஒன்றாகவும் இருக்கலாம், ஒரு கூடையாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் அப்படி விட முடியாது. பத்தியில் 'மேங்கோஸ்' என்று இருக்கும்போது 'மேங்கோ' என்று எழுதினால் தவறாகிவிடும். பத்தியில் இருந்து எடுத்து எழுதச் சொன்னால், உள்ளபடியே எடுத்து எழுதுங்கள். எழுதியபின் வாக்கியத்தை முழுதாக ஒருமுறை படித்துப் பாருங்கள். இலக்கணம் இடித்தால் விடையில் ஏதோ தவறு இருக்கிறது.

நான்கு விடைகளில் ஒன்று: மூன்று பொறிகள்

சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளில் தவறான விடைகள் பெரும்பாலும் மூன்று விதமாக வரும்.

• பத்தியில் இருக்கும், உண்மையும்கூட. ஆனால் கேட்ட கேள்விக்கு விடை அது இல்லை.
• முதல் பாதி சரி, பின்பாதி தவறு.
• பத்தியின் வார்த்தைகளை அப்படியே வைத்து அர்த்தத்தைப் புரட்டியிருக்கும்.

தப்பிக்க எளிய வழி உண்டு. நான்கு விடைகளையும் முதலில் பார்க்காதீர்கள். கேள்வியை மட்டும் படியுங்கள். பத்தியில் அந்த இடத்தைக் கண்டுபிடித்து, விடையை நீங்களே மனதில் சொல்லுங்கள். அதன் பிறகு நான்கையும் பாருங்கள்.

60 நிமிடத்தை எப்படிப் பிரிப்பது?

கட்டுரைகள் பொதுவாக ஒன்றைவிட ஒன்று கடினமாகப் போகும். அதனால் மூன்றுக்கும் சமமாக 20 நிமிடம் என்பதைவிட 17, 20, 23 என்று பிரித்துக்கொள்வது உதவும். நேரம் முடிந்ததும் விடை தெரியாத கேள்வியோடு மல்லுக்கு நிற்காமல் அடுத்த கட்டுரைக்குப் போய்விடுங்கள்.

முக்கியமான எச்சரிக்கை: பேப்பரில் எழுதும் லிசனிங் தேர்வில் விடைகளை எடுத்தெழுதத் தனியாக 10 நிமிடம் தருவார்கள். ரீடிங்கில் அந்தச் சலுகை கிடையாது. வினாத்தாளில் குறித்துவைத்துக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

எந்த வரிசையில் செய்யலாம்?

1. தலைப்பையும் ஒவ்வொரு பத்தியின் முதல் வரியையும் ஓட்டமாகப் பாருங்கள். இரண்டு நிமிடம் போதும்.
2. கேள்விகளைப் படித்து முக்கிய வார்த்தைகளை அடிக்கோடிடுங்கள். கம்ப்யூட்டர் தேர்வு என்றால் ஹைலைட் வசதி இருக்கிறது.
3. 'ட்ரூ, ஃபால்ஸ்' வகையில் விடைகள் பத்தியின் வரிசையிலேயே வரும். 4-ம் கேள்விக்கு விடை கிடைத்த இடத்துக்குக் கீழேதான் 5-ம் கேள்விக்குத் தேட வேண்டும்.
4. தலைப்பைப் பொருத்துவதிலும், எந்தத் தகவல் எந்தப் பத்தியில் என்ற கேள்வியிலும் இந்த வரிசை இருக்காது.

விடை இருக்கும் இடத்தைத் தேட எண்கள், ஆண்டுகள், பெரிய எழுத்தில் தொடங்கும் பெயர்கள் உதவும். தமிழில் கேப்பிடல் லெட்டர் கிடையாது என்பதால் அதைத் தேடும் பழக்கம் நம் கண்ணுக்கு இல்லை. பழகினால் ஒரு பக்கத்தில் உள்ள ஊர், ஆள் பெயர்கள் தானாகவே கண்ணில் படும்.

மற்ற தேர்வுகளில் என்ன வித்தியாசம்?

ஓஇடி: மருத்துவத் துறையினருக்கான தேர்வு. பிரிட்டனில் நர்ஸ் பதிவுக்கு இதுவும் ஏற்கப்படுகிறது. ரீடிங்கில் 60 நிமிடம், 42 கேள்விகள். முதல் பகுதியில் 15 நிமிடத்துக்குள் நான்கு சிறு பகுதிகளைப் பார்த்து 20 கேள்விகளை முடிக்க வேண்டும். நேரம் முடிந்தால் திரும்பிப் போக முடியாது. இங்கே ஆழமாகப் படிப்பதைவிட வேகமாகத் தேடுவதுதான் முக்கியம். வார்டில் கேஸ் ஷீட்டைப் புரட்டி மருந்தின் அளவைத் தேடுவது போலத்தான்.

பிடிஇ: ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகளைத் தேர்வு செய்யும் கேள்வியில், தவறாகத் தேர்வு செய்தால் அந்தக் கேள்வியில் கிடைத்த மார்க் குறையும். இங்கே குத்துமதிப்பாக எல்லாவற்றையும் டிக் அடிக்கக் கூடாது.

டோஃபல்: 2026 ஜனவரியில் இதன் அமைப்பும் மதிப்பெண் முறையும் மாறிவிட்டன. பழைய புத்தகங்களை நம்பித் தயாராக வேண்டாம்.

ஊரில் இருந்தே தயாராவது எப்படி?

தேர்வை நடத்தும் நிறுவனங்களின் இணையதளங்களில் மாதிரி வினாத்தாள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மொபைலிலேயே பார்க்கலாம். ஆனால் முழுத் தேர்வை மொபைலில் எழுதிப் பழகாதீர்கள். தேர்வில் உங்கள் முன்னால் இருக்கப்போவது பெரிய திரை அல்லது காகிதம்.

மதுரையில் 2023 ஜூலை 15-ம் தேதி திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் புது நத்தம் சாலையில்தான் இருக்கிறது. மதுரை போகும் நாளில் அங்கே சில மணி நேரம் உட்கார்ந்து, போனை அணைத்துவிட்டு 60 நிமிடம் ஒரு முழுத் தேர்வு எழுதிப் பாருங்கள்.

ஆதிதிராவிடர், பழங்குடியினர் இளைஞர்களுக்கு தாட்கோ மூலம் இந்தத் தேர்வுகளுக்கான பயிற்சி அறிவிக்கப்படுவது உண்டு. இப்போது விண்ணப்பிக்க முடியுமா என்று திண்டுக்கல்லில் உள்ள மாவட்ட அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வெளிநாட்டு நர்ஸ் வேலைவாய்ப்புகளுக்குத் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது.

பயிற்சியில் எத்தனை தேர்வு எழுதினோம் என்பதைவிட, எழுதியபின் என்ன செய்தோம் என்பதுதான் முக்கியம். ஒரு நோட்டுப் போடுங்கள். தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் காரணத்தை எழுதுங்கள்:

• வார்த்தைக்கு அர்த்தம் தெரியவில்லையா?
• இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லையா?
• பத்தியில் இல்லாததை நானாகச் சேர்த்துக்கொண்டேனா?
• ஸ்பெல்லிங், வார்த்தை வரம்பா?
• நேரம் போதவில்லையா?

நான்கைந்து தேர்வுகளுக்குப் பிறகு நோட்டைப் பாருங்கள். ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்திருக்கும். அதைச் சரிசெய்தாலே பல நேரம் அந்த அரை மதிப்பெண் வந்துவிடும். வார்த்தைகளே தெரியவில்லை என்றால் மட்டும், தேர்வுத் தேதியை வாங்கும் முன் இரண்டு மூன்று மாதம் தினமும் ஆங்கிலச் செய்தி படியுங்கள். புதிய சொல்லை அது வந்த வரியோடு சேர்த்து எழுதிவையுங்கள்.

கட்டணம் கட்டும் முன் கவனிக்க வேண்டியவை

• நீங்கள் விண்ணப்பிக்கும் கல்லூரி அல்லது கவுன்சில் எந்தத் தேர்வை, எந்த வகையை ஏற்கிறது என்று அவர்களுடைய இணையதளத்திலேயே பாருங்கள். ஏஜென்ட் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம்.
• ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். சேர்க்கை தேதியைக் கணக்கிட்டுத் தேர்வெழுதுங்கள்.
• வீட்டில் நேரம் வைத்து எழுதிய மூன்று முழுத் தேர்விலாவது உங்களுக்குத் தேவையான மதிப்பெண் தொடர்ந்து வந்த பிறகு பணம் கட்டுங்கள்.
• "தேர்வே எழுத வேண்டாம், சர்டிபிகேட் வாங்கித் தருகிறோம்" என்று வரும் வாட்ஸ்அப் மெசேஜ்கள் மோசடி. மதிப்பெண்ணைக் கல்லூரிகளும் தூதரகங்களும் ஆன்லைனில் சரிபார்க்கும். போலி என்று தெரிந்தால் பணத்தோடு போகாது, விசா வாய்ப்பும் போய்விடும்.

தேர்வு அறையில் குழப்பம் வரும்போது உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: "இது எனக்குத் தெரிந்த விஷயமா, பத்தி சொன்ன விஷயமா?" பத்தி சொன்னதற்கு மட்டும்தான் மார்க்.